சருகுமான் சிமிழி அகல லென்ஸ் வாங்கிய கதை

ஒரு காட்டில் மின்சாரம் வருவதற்கு முன்பே படிவம் வந்துவிட்டது. பிறப்புக்கு ஒரு படிவம், கொம்பு முளைத்தால் ஒரு படிவம், கூடு மாற்றினால் மூன்று நகல். அந்தக் காட்டில் சிமிழி என்றொரு சருகுமான் இருந்தாள். மான் என்று பெயர்தான். உயரம் முயல் அளவு, எடை மூன்று கிலோ. அந்த மூன்று கிலோவில் இரண்டரைக் கிலோ வாய் என்று காட்டில் ஒரு பேச்சு உண்டு. யாராவது “மழை வரும் போலிருக்கே” என்று சும்மா சொன்னால்கூட, “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று நின்று கேட்பாள். கேட்டால் என்ன தப்பு? ஆண் மான் கேட்டால் அறிவாளி, இவள் கேட்டால் வாயாடி. சரி, அது வேறு கதை.

சிமிழி குடியிருந்தது ஏழுமடிப்பு மலையில், மூன்றாம் மடிப்பின் அடியில். ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கிருந்த வேங்கை மரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒட்டியது மேடு பள்ள மதிப்பீட்டு அலுவலகம்.

“ஏழுமடிப்பு மலை எனச் சொல்லப்படும் இடம் மலைதான் என்பதற்கு அலுவலகத்தில் ஆவணம் இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள், ஏழு மடிப்பும் ஒரே படத்தில் தெரியும்படியான புகைப்படம் தாக்கல் செய்யப்படாவிட்டால், மேற்படி இடம் ‘பயனற்ற மேடு’ என வகைப்படுத்தப்பட்டு ஜல்லிக்கு விடப்படும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய படங்கள் ஏற்கப்படா. கையால் வரைந்தவை கிழிக்கப்படும்.”

மலையில் இருந்த மற்ற பிராணிகள் அழுதன. சிமிழி அழவில்லை. அவளிடம் ஒரு கேமரா இருந்தது. எப்போதோ ஒரு சுற்றுலாப் பயணி ஓடைக்கரையில் மறந்துவிட்டுப் போனது. அன்றே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எதிர்ப்புறம் இருந்த கழுகுப்பாறைக்கு ஏறி இறங்கி வந்தாள். ஏழு மடிப்பையும் ஒருசேரப் பார்க்க அந்தப் பாறையை விட்டால் வேறு இடமில்லை. ஆனால் கேமராவில் இருந்த சாதாரண லென்ஸுக்குள் மூன்றரை மடிப்புதான் அடங்கியது. பின்னால் நகர்ந்து எடுக்கலாம் என்றால், பாறைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. ஆக, நகர வேண்டியது சிமிழி அல்ல. மாற வேண்டியது லென்ஸ்.

அந்தக் காட்டில் லென்ஸைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் கூர்மன் என்ற முள்ளம்பன்றியிடம்தான் போக வேண்டும். கூர்மன் இதுவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை. அதனால் அவனுக்கு எந்த லென்ஸின் மீதும் பாரபட்சம் கிடையாது.

“கூர்மண்ணே, சின்னதா, கனமில்லாம, ஏழு மடிப்பும் அடங்குற மாதிரி ஒரு அகல லென்ஸ் சொல்லுங்க” என்றாள் சிமிழி.

“சின்னதாவா?” கூர்மனின் முட்கள் எல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. “தங்கச்சி, நல்ல லென்ஸ்னா தூக்குனவனுக்கு இடுப்பு பிடிக்கணும். முன்கண்ணாடி பூசணிக்காய் மாதிரி பிதுங்கி நிக்கணும். அதான் லென்ஸ்.”

“பிதுங்கி நின்னா ஃபில்டர் மாட்ட முடியாதே?”

“ரசனை இருக்கிறவன் ஃபில்டர் மாட்ட மாட்டான்.”

“எடை எவ்வளவு?”

“ஒண்ணரைக் கிலோ.”

“நானே மூணு கிலோ அண்ணே. கழுகுப்பாறை செங்குத்தான ஏத்தம்.”

“அப்ப நீ எடையைக் கூட்டு.”

சிமிழி விடவில்லை. ஜூம் லென்ஸ் எடுத்தால் என்ன என்று கேட்டாள். ஜூம் எடுக்கலாம், ஆனால் படம் மூலையில் மங்கும் என்றான் கூர்மன். ஜூம் ஆகாத குட்டி லென்ஸ்? அதுவும் மூலையில் மங்கும், பூசணியைவிட அதிகமாக. செவ்வாய்க்கிழமை முழுவதும் இருவரும் மூலையிலேயே நின்றார்கள். கூர்மன் தேக்கு இலைகளில் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்து, இந்த லென்ஸில் மூலை இப்படி, அந்த லென்ஸில் மூலை அப்படி என்று நாற்பது இலை காட்டினான்.

“அண்ணே, படத்தோட மூலையில இருக்கிற ஒரு புல்லு மங்கினா என்ன இப்ப? நடுவுல மலையே போகப் போகுது!”

“மூலை மங்கின மலையைக் காப்பாத்தி என்ன பிரயோஜனம்?” என்றான் கூர்மன், மிகுந்த வருத்தத்துடன்.

சிமிழி நாற்பது இலையையும் வாரிச் சுருட்டி அவன் கையிலேயே திணித்தாள்.

புதன்கிழமை காலையில் இருவரும் இருவாச்சியக்கா கடைக்குப் போனார்கள். அது முட்டையிடும் பருவம். அந்தப் பருவத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டு, அலகு நீளும் அளவுக்கு ஒரு கீற்றை மட்டும் விட்டுவைப்பாள். குஞ்சு வளரும்வரை வெளியே வரமாட்டாள். அதற்காகக் கடையை மூடிவிட முடியுமா? சரக்கு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கீற்றின் வழியாகவே வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“பூசணி லென்ஸ் இருக்கா?” என்று முந்திக்கொண்டான் கூர்மன்.

“இருக்கு, பேஷா இருக்கு. ஆனா வெளிய வராது” என்றது கீற்றிலிருந்து நீண்ட அலகு. “குஞ்சு பெருசானதும் சுவரை உடைப்பேன். அப்ப வந்து வாங்கிக்குங்க.”

“எப்ப உடைப்பீங்க?”

“ரெண்டரை மாசம்.”

“அக்கா, எனக்கு வெள்ளிக்கிழமை மதியம்” என்றாள் சிமிழி.

“அடிப்பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா? இரு, ஜூமைத் தள்ளிப் பாக்குறேன்.”

உள்ளே உருட்டும் சத்தம் கேட்டது. ஜூம் லென்ஸ் கீற்றுக்குள் பாதி வந்து மாட்டிக்கொண்டது. சிமிழி வெளியிலிருந்து இழுத்தாள், இருவாச்சியக்கா உள்ளிருந்து உதைத்தாள். “சுவர் இடிஞ்சா என் வீட்டுக்காரர் என்னைத்தான் கேப்பாரு” என்று அக்கா சத்தம் போட்டதும், அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, கொட்டாங்கச்சிக்கும் சின்னதாக ஒன்று கீற்றின் வழியே பொத்தென்று சிமிழியின் காலடியில் விழுந்தது.

“இது ஜூம் ஆகாது. ஃபோகஸை நீதான் திருகணும். மூலை கொஞ்சம் மங்கும்” என்றாள் இருவாச்சியக்கா. “ஆனா கோணம் இருக்கு பாரு, அசந்தா உன் ரெண்டு காதும் படத்துல விழுந்துரும். போற வழியில ஒரு குலை அத்திப்பழம் பறிச்சு வச்சிட்டுப் போ.”

முதல் நாளிலிருந்து சிமிழி கேட்ட லென்ஸ் இதுதான். ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. ஒரு முழுநாள் தொண்டை வற்ற அவள் சொன்ன நியாயங்களில் ஒன்றுக்குக்கூட மசியாத விஷயம், ஒரு பொந்தின் வாய் அளவால் முடிவாகிவிட்டதே! தான் சொன்னது நடந்தது; தான் சொன்னதால் நடக்கவில்லை. இதை அவளால் பொறுக்க முடியவில்லை. வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். மூலையை நேரில் பார்த்தே தீருவேன் என்று கூர்மனும் கூடவே ஏறினான்.

வியாழன் காலை கழுகுப்பாறையில் வெயில் நன்றாக இருந்தது. எதிரே ஏழுமடிப்பு மலை பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சிமிழி லென்ஸைப் பூட்டி, கண்ணை வைத்தாள். கண்ணை எடுத்துவிட்டு மலையைப் பார்த்தாள். மறுபடி கண்ணை வைத்தாள்.

ஏழு மடிப்பும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் யாரோ துவைத்து மடித்து மூலையில் வைத்த கைக்குட்டை மாதிரி இருந்தன.

“அண்ணே! மலை சுருங்கிப் போச்சு!”

“அகல லென்ஸ்னா அப்படித்தான் தங்கச்சி. எல்லாத்தையும் உள்ள இழுக்கும், தூரத்துல இருக்கிறதைச் சுருக்கும். பக்கத்துல இருக்கிறதை மட்டும் ஊதிப் பெருசாக்கும்.”

“இதை ஏன் நீங்க செவ்வாய்க்கிழமையே சொல்லல?”

“நாமதான் மூலையைப் பத்திப் பேசிட்டு இருந்தோமே.”

“நாமளா? நானா மூலை மூலைன்னு உயிரை எடுத்தேன்?”

“சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். படத்துக்கு முன்னால ஏதாவது வேணும். ஒரு கல்லு, ஒரு பூவு. முன்னால வெறிச்சோடிக் கிடந்தா அது நிலக்காட்சியே இல்ல” என்று சொல்லிக்கொண்டே கூர்மன் லென்ஸுக்கு இரண்டு முழம் முன்னால் போனான். அங்கே பாறை இடுக்கில் ஒரு மஞ்சள் பூ இருந்தது. பூவின் மேல் ஒரு காய்ந்த சருகு கிடந்தது. ஒழுங்கில்லாத சருகு. அதை எடுப்பதற்காகக் கூர்மன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான்.

அந்த நேரம் பார்த்து மலையடியிலிருந்து மேகம் கிளம்பியது.

“அண்ணே, நகருங்க!”

“இரு, இந்தச் சருகு காம்புல சிக்கியிருக்கு.”

“மேகம் ஏறுது அண்ணே! முதல் மடிப்புக்கு வந்தாச்சு!”

“அவசரப்பட்டு எடுத்த படம் எதுவும்…”

சிமிழி அமுக்கிவிட்டாள். அமுக்கிய கையோடு மலை மறைந்தது. அன்று சாயங்காலம்வரை காத்திருந்தும் மேகம் விலகவில்லை. மறுநாள் மதியத்துக்குள் கையில் இருந்தது அந்த ஒரே படம்தான். அதில் ஏழு மடிப்பும் இருந்தன, நகக்கீறல் அகலத்தில். மீதி இடமெல்லாம் கூர்மனின் பின்புறம், முட்கள் விரிந்து வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை சிமிழி டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போனாள். மதிப்பீட்டாளர் ஒரு காட்டெருது. அவருடைய மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னலைத் திறந்தால் ஏழுமடிப்பு மலை முழுசாகத் தெரியும். வெயில் பட்டால் கோப்பு வெளுக்கும் என்பதால் அதை ஆணி அடித்து மூடி வைத்திருந்தார்கள்.

காட்டெருது படத்தை வாங்கி, அளவுகோலை வைத்து அளந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். பிறகு எழுந்து நின்றார்.

“ஏம்மா, இவ்வளவு பெரிய சிகரம் நம்ம காட்டுல இருக்கா? எவ்வளவு கூர்மை! எத்தனை முகடு!”

“ஐயா, அது சிகரம் இல்ல…”

“அடக்கம் வேண்டாம்மா. அளந்தாச்சு. நாலு விரற்கடை உயரம். இது உடனே பாதுகாக்கப்பட வேண்டிய சிகரம்.” முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். “பின்னால ஏதோ ஏழு சுருக்கம் தெரியுது. அரை நகம்கூடத் தேறல. அது ஜல்லிக்குப் போகட்டும்.”

சிமிழிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “ஐயா, அந்தச் சுருக்கம்தான் மலை! முன்னால நிக்கிறது கூர்மன் அண்ணனோட பின்பக்கம்!”

“முத்திரை விழுந்த பிறகு அது யாருடைய பின்பக்கமாகவும் இருக்க முடியாதும்மா.”

“ஜன்னலைத் திறந்து ஒரு தடவை பாருங்கய்யா. அவ்வளவுதான்.”

“ஜன்னல் வழியாப் பார்த்து முடிவு பண்ணினா, படிவத்துக்கு என்ன மரியாதை? உனக்கு ஆட்சேபம் இருந்தா மேல்முறையீட்டுப் படிவம் தர்றேன். படம் தவறானதுன்னு எழுதிக் கொடு. சிகரத்தையும் சேர்த்து ரத்து பண்ணிடறேன்.”

“கொடுங்க” என்று படிவத்தைப் பிடுங்கினாள் சிமிழி. எழுத எழுத அவளுக்கு நியாயங்கள் கொட்டின. பதினோரு காரணம் எழுதிவிட்டு, பன்னிரண்டாவதுக்கு ஆதாரம் காட்டுவதற்காக, முத்திரை விழுந்த பாதுகாப்பு உத்தரவைக் கையில் எடுத்து வாசித்தாள். அதன் ஆறாவது பிரிவு இப்படி இருந்தது:

“பாதுகாக்கப்பட்ட சிகரத்தைச் சுற்றி இரண்டு மைல் தூரத்துக்குள் வெடி வைப்பதோ, கல் உடைப்பதோ, உரக்கத் தும்முவதோ கூடாது. சிகரம் அதே இடத்தில், அதே தோற்றத்தில் உள்ளது என்பதற்கு மாதம் ஒரு படம் தாக்கல் செய்ய வேண்டும்.”

சிமிழி மனசுக்குள் தூரத்தைப் போட்டுப் பார்த்தாள். ‘சிகரம்’ நின்ற கழுகுப்பாறையிலிருந்து முதல் மடிப்பு அரை மைல். ஏழாவது மடிப்பே ஒன்றரை மைல்தான்.

உண்மை அவள் பக்கம் இருந்தது. பதினோரு காரணம் கையில் இருந்தது. எதிரே அடி முட்டாள்தனமான ஒரு காட்டெருது நின்றது. இப்படி ஒரு வாய்ப்புக்காக அவள் பிறந்ததிலிருந்து காத்திருந்தாள். பேசினால் ஜெயிப்பாள். ஜெயித்தால் மலை போய்விடும்.

மேல்முறையீட்டுப் படிவத்தை நான்காக மடித்து வாயில் போட்டு மென்றாள். சருகுமானுக்குக் காகிதம் ஒன்றும் புதிதில்லை. விழுங்குவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

“சிகரம்தான் ஐயா” என்றாள். “நான்தான் சரியாப் பார்க்கல.”

கூர்மன் முதலில் கோபப்பட்டான். ஒரு வல்லுநரின் பின்புறத்தை அரசு ஆவணத்தில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். சிமிழி தன் மூன்று கிலோவையும் மடக்கி உட்கார்ந்து, “அண்ணே, இந்தக் காட்டுல லென்ஸ் தெரிஞ்சவங்க பல பேர் இருக்கலாம். சிகரம்னு பேர் வாங்கினது நீங்க ஒருத்தர்தான்” என்றாள். கூர்மன் ஒரு பகல் யோசித்தான். மறுநாள் கழுகுப்பாறைக்கே குடிபெயர்ந்தான். சிகரத்தைப் பார்க்க வருகிறவர்களிடம், தன்னைப் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று இப்போது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஏழுமடிப்பு மலை அங்கேயே இருக்கிறது. அலுவலகக் கணக்கில் அது மலை இல்லை. ஒரு சிகரத்தின் பின்னணியில் விழுந்த சுருக்கம். மாதம் ஒரு முறை சிமிழி அந்தக் குட்டி லென்ஸை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறுகிறாள். குனிவதற்கு முன் கூர்மன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துக் கேட்கிறான்:

“தங்கச்சி, மூலை எப்படி இருக்கு?”

“கத்தி மாதிரி இருக்கு அண்ணே” என்கிறாள் சிமிழி.

நீதி: மலையைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் மலையைப் படம் எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்; வல்லுநர் ஒருவரை லென்ஸுக்கு மிக அருகில், திரும்பி நின்று குனியச் சொன்னால் போதும்.