மூன்று தலைவர்களும் அறுபது சஹனும்

நாம் செய்த பொருள் வேலை செய்யாமல் போனால் அவமானம்தான். ஆனால் வேலை செய்யக் கூடாத இடத்தில் அது ஒழுங்காக வேலை செய்துவிட்டால் வருகிற அவமானத்தை லொறியில்தான் கொண்டுவந்து இறக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் இறக்கினார்கள்.

அப்போது நான் பல்கலைக்கழக மாணவி. கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். பல கணினிகள் சேர்ந்து காக்கிற தரவுத்தளம் ஒன்றைக் கட்ட வேண்டும். ஒரு கணினி செத்தாலும் மற்றவை வேலையைத் தொடர வேண்டும். ஒரு தகவலும் தொலையக் கூடாது, இரட்டிக்கவும் கூடாது. வெல்லும் குழுவுக்குக் கொழும்பில் பெரிய மென்பொருள் நிறுவனமொன்றில் பயிற்சி. அறிவித்தலை வாசித்த நிமிஷமே நான் மனதுக்குள் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். (ஜன்னல் ஓரம்.)

குழுவில் என்னோடு மருதமுனை பாஹிமும் காரைதீவு சுகந்தியும். எதைக் கட்டுவது என்று யோசித்தபோது என் தாய்மாமன் ஞாபகத்துக்கு வந்தார். ஹனீபா மாமா சாய்ந்தமருதில் கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுத்தான் சஹன். மாமாவின் ஓடர் எல்லாம் சஹன் கணக்கில்தான் வரும். அந்த ஓடர்களை மூன்று லெப்டொப்பில் வைத்தோம். மூன்றில் ஒன்று தலைவர். தலைவர் மட்டும்தான் ஓடரை உறுதிப்படுத்தி மாமாவின் போனுக்குச் செய்தி அனுப்பும். தலைவர் செத்தால் மற்ற இரண்டும் வாக்களித்துப் புதுத் தலைவரைத் தெரிவுசெய்யும்.

மாமாவுக்குச் சரியான சந்தோஷம். சில கிழமையாக உண்மையான ஓடர்களையே அதில் எடுத்துக்கொண்டிருந்தார். "நல்ல சாமான் புள்ள இது. ஆக்களோட கதைச்சுக் கதைச்சே என்ட தொண்டை போயிட்டு" என்றார்.

போட்டி நாள் காலையில் உம்மா தந்த பிட்டை நின்றபடியே விழுங்கினேன். சந்தோஷத்தில் அவ்வளவு புளுகம். பரிசு வாங்கும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்றுகூட ஒத்திகை பார்த்திருந்தேன். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். மாமாவின் போன் நம்பரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொய் நம்பரைப் போடுவது என் பொறுப்பு.

மண்டப வாசலிலேயே போன்களை ஓஃப் பண்ணி வாங்கிவைத்துவிட்டார்கள். எங்கள் முறை வந்தது. கொழும்பிலிருந்து வந்த நடுவர், ஒரு விரிவுரையாளர் மேடம், சிரித்துக்கொண்டே ஓடரைத் தட்டினார்: இருபது சஹன் கோழிப் புரியாணி, இன்று பின்னேரம், இதே மண்டபத்துக்கு.

"ஒரு லெப்டொப்பை நிப்பாட்டுங்க மேடம், பிரச்சினையில்ல" என்றேன், மூக்கை உயர்த்திக்கொண்டு.

அவர் லெப்டொப் ஒன்றையும் நிறுத்தவில்லை. மூன்றையும் இணைத்த வயர்களை ஒரேயடியாகக் கழற்றினார்.

மூன்று லெப்டொப்பும் தனித்துப் போயின. மற்ற இரண்டும் செத்து மௌத்தாகிவிட்டன என்று ஒவ்வொன்றும் முடிவெடுத்தது. தனக்குத் தானே ஒரு வாக்குப் போட்டு, தானே தலைவர் என்று மூன்று திரையிலும் பச்சை எழுத்தில் அறிவித்தது. (தேர்தல் காலத்தில் எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்கு இது புதினமாக இராது.) மூன்று தலைவர்களும் தம்மிடம் பதிவாகியிருந்த அதே ஓடரைத் தனித்தனியே உறுதிப்படுத்தின. செய்தி அனுப்ப ஒவ்வொன்றிலும் சிம் போட்ட இணைய டொங்கிள் வேறு தனித்தனியாகச் செருகியிருந்தோம்.

"பெரும்பான்மை கிடைக்காவிட்டால் பேசாமல் காத்திருக்க வேண்டும் தங்கச்சி" என்றார் மேடம் மெதுவாக. சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் பாஹிமைப் பார்த்தேன். பாஹிம் கூரையைப் பார்த்தான்.

பின்னேரம் பரிசளிப்பு. நாங்கள் கடைசி வரிசையில் சுருண்டிருந்தோம். முதற்பரிசுக்குப் பெயர் கூப்பிடுகிற நேரம் வெளியே லொறி ஹோர்ன் ஒன்று நீளமாக அடித்தது. வாசலால் மாமா வந்தார். இஸ்திரி போட்ட சேர்ட், தலையில் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க புள்ள இறக்கிற? அறுபது சஹனும் சூடா இரிக்கி."

நான் எழும்பி வாசலுக்கு ஓடினேன். "மாமா, அது இருபது. அதுவும் சும்மா பரிசோதனைக்கு..."

"மூணு தரம் வந்திச்சே. பெரிய ஆக்கள்ட போட்டிதானே, சனம் கூடிட்டாக்கும் எண்டு நினைச்சன். நிந்தவூர்ல போய்ச் சோறாக்கிற பெரிய கிடாரம் இரவல் வாங்கி ஆக்கின."

"ஒரு கோல் எடுத்திருக்கலாமே மாமா."

"எடுத்தன். மூணு பேர்ட போனும் ஓஃப்."

மண்டபமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. லொறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழுதுவிடுவேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"சரி, விடு. யாருக்கோ அல்லாஹ் எழுதின ரிஸ்க்கு, அவங்கட பங்குச் சாப்பாடு. வந்த சோத்தத் திருப்பி அனுப்பேலா. பாய விரிங்க" என்றார்.

பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. போட்டியிட்ட குழுக்கள் எல்லாம் கலந்து ஆறு ஆறு பேராகச் சஹனைச் சுற்றி இருந்தன. வென்ற குழுவின் தலைவன் என் பக்கத்தில் இருந்து, தன் நிரலில் எந்த இடத்தில் வாக்கெடுப்புச் சிக்கியது என்று சோற்றில் கோடு கீறிக் காட்டினான். மேடம் சேலையைச் செருகிக்கொண்டு கையாலேயே சாப்பிட்டார். இரண்டாம் முறையும் இறைச்சி கேட்டார். மிஞ்சியதை லொறி விடுதிகளுக்கும், வழியில் கண்ட வீடுகளுக்கும் கொடுத்துக்கொண்டே போனது.

நாங்கள் கடைசி இடம். கொழும்புக்கு வேறொரு குழு போனது. பிழையை நான் அந்தக் கிழமையே திருத்தினேன். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து யாரும் ஒரு செய்தியை ஒரு தடவையில் நம்புவதில்லை.

போன வருஷம் ஸ்கேன் எடுத்துவிட்டு, வயிற்றில் இரட்டைப் பிள்ளை என்று மாமாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

மாமா கேட்டார்: "வடிவாப் பாத்தியா புள்ள? உண்மையாவே ரெண்டா, இல்லாட்டி ஒண்டுதான் ரெண்டு தரம் வந்திரிக்கா?"