மாமன் மடிக்கு ஏழு நாள் மாத்திரை

செவிலிமேடு,
புதன்கிழமை.

அன்புத் தங்கை சுகாசினிக்கு அண்ணன் ராமராஜன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி அம்சாவும் நலம். என் வலது தொடையும் நலம். தென்னேரியில் நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் சௌக்கியம்தானே? போனில் சொன்னால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுச் சிரிப்பார் என்பதால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்குத்தான் ஆபத்து வந்தது. மூன்று வாரத்துக்கு முன் தொடையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. டாக்டரம்மா கீறிச் சீழை எடுத்துவிட்டு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். மூன்றே நாளில் வலி போய்விட்டது. தறியில் புடவை அறுத்தபின் மிஞ்சுகிற பட்டு இழையைக்கூடச் சுருட்டி வைக்கிற கை இது. நல்ல மாத்திரை எட்டை வீணாக்குமா? பட்டுச் சுருளோடு டப்பாவில் பத்திரப்படுத்தினேன்.

அதோடு விட்டேனா? பக்கத்துத் தறி பரமசிவம் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டு வந்தார். "இந்தாபா, கட்டியையே கரைச்சுது, உன் இருமல் எந்த மூலைக்கு!" என்று ஒன்றை எடுத்து நீட்டினேன். அரைமணி நேரத்தில் மனுஷனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, உதடு பூரி மாதிரி உப்பிவிட்டது. "மூச்சு வாங்குதுபா" என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது சுகா. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நல்லவேளை, ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பள்ளிக்கூட நாளிலேயே சொல்லியிருந்தார்களாம். நானும் கேட்கவில்லை, அவரும் மாத்திரையின் பெயரைப் பார்க்கவில்லை.

அங்கே நம் டாக்டரம்மாதான் ட்யூட்டி. "யார் குடுத்தது?" என்றார். பரமசிவம் வாய் திறக்க முடியாமல் விரலை நீட்டினார். நான் நழுவப் பார்த்தேன். நொண்டிக்கொண்டு எவ்வளவு தூரம் நழுவுவது? கட்டி பழைய இடத்திலேயே, முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பியிருந்தது. "சளி இருமல் பெரும்பாலும் வைரஸுங்க, அதுக்கு இது கேக்காது. உங்க கட்டியில பாதிக் கிருமிதான் செத்துது, மிச்சம் பொழைச்சுக்கினு வந்துடுச்சு. இப்படி அரைகுறையா தின்னா நாளைக்கு எந்த மாத்திரைக்கும் அடங்காது" என்றார். "பாப்பாவுக்குக் காதுகுத்து இருக்குது மேடம், எனக்கு மடி வேணும்!" என்றேன். நர்ஸுகள் சிரித்தார்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறொருத்தன் மடியிலா நம் பாப்பா?

மறுபடி கீறல், வேறு மாத்திரை, ஏழு நாள். அம்சா எதிரே நின்று, முழுங்கியபின் நாக்கை நீட்டிக் காட்டச் சொல்கிறாள். ஐந்தாம் நாள் வயிறு கடமுடா என்றது. நானாக நிறுத்தவில்லை, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், பார்த்துக்கொள். நேற்றோடு முடிந்தது. இன்று பார்த்துவிட்டு, "தாராளமா உக்கார வெச்சுக்கோங்க" என்றார். சந்தோஷத்தில் பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தேன். பரமசிவமும் விழாவுக்கு வருகிறார். என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டாராம், நீயே பரிமாறிவிடு.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருங்கள். பாப்பா காதில் கம்மல் மின்ன வளரட்டும்.

இப்படிக்கு,
முழுதாகத் திருந்திவிட்ட அண்ணன்,
ராமராஜன்

பி.கு.: பாப்பாவுக்குச் சளி என்றாயாமே. கவலைப்படாதே. போன வருஷம் அம்சாவின் அக்கா பிள்ளைக்கு வாங்கிய சிரப் பாதி பாட்டில் இருக்கிறது, வரும்போது கொண்டு வருகிறேன்.

பி.கு. 2: அண்ணி எழுதுறேன் சுகா. அந்த பாட்டிலைத் தேடிப் பிடிச்சு ஒழிச்சாச்சு. பாப்பாவை டாக்டர்கிட்டயே காட்டும்மா. உங்க அண்ணன் மடி நல்லா இருக்குது, நம்பி உக்கார வை. அவர் தலைக்கும் எதுனா எழுதிக் குடுங்க மேடம்னு டாக்டரம்மாவைக் கேட்டேன். அதுக்கு மாத்திரை இன்னும் வரலையாம்.