மாநாட்டுக்கு ஒரு புழு

ஒரு சமூகம் எவ்வளவு நாகரிகமானது என்பதை, அது ஒரு நாடாப்புழுவை நடத்தும் விதத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அலுவலகக் கேண்டீனின் சமையல்காரிக்கு ஒரு பழக்கம். கட்லெட்டுக்கு அரைத்துப் பிசைந்த பச்சை மீனை, பொரிப்பதற்கு முன்பே விரலால் துளி எடுத்து வாயில் வைத்து உப்புப் பார்ப்பாள். அந்த வழியாகத்தான் மிக அபூர்வமான மீன் நாடாப்புழு ஒன்று அவள் குடலில் குடியேறியது. அது சத்தையெல்லாம் உறிஞ்சிவிட, தலைசுற்றலும் மரத்துப்போன கால்களுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவளைப் பெரிய டாக்டர் பரவசத்துடன் வரவேற்றார்.

"என் சர்வீஸ்லயே இதுதாம்மா முதல் தடவை."

"மருந்து இருக்கா டாக்டர்?"

"ஒரே ஒரு மாத்திரை. முழுங்கினா போயிடும்." அவர் முகம் வாடியது. "அதான் பிரச்சினை. எங்க டாக்டர்கள் மாநாடு வரைக்கும் பொறுத்துக்கம்மா."

மாநாட்டுக்குப் புழு 'உயிருடன்' தேவைப்பட்டது. அதன் பொருட்டு அவளும் உயிருடன் இருக்கலாம் என்று மருத்துவத் துறை பெருந்தன்மையுடன் தீர்மானித்தது.

வீட்டிலும் மரியாதை கூடியது. சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்டறியாத கணவன் கேட்டான்.

"சாப்பிட்டியா? அது பட்டினி கிடக்கக் கூடாதாம். டாக்டர் சொன்னார்."

முதல் வார்த்தையை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதற்காக வெட்கப்படவும் செய்தாள்.

ஒரு மதியம், அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த சட்டியை வெறுங்கையால் தூக்கினாள். தோல் பொசுங்கும் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் அது தன் கை என்று தெரிந்தது. பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"விரல்லயும் உணர்ச்சி இல்லையா? பிரமாதம்மா," என்றார் பெரிய டாக்டர். "இந்தக் கட்டோடயே மாநாட்டுக்கு வாங்க."

வந்தாள். மேடைத் திரையில் அந்த மாத்திரை ஒரு கதவளவுக்கு ஒளிர்ந்தது. ஒரே வேளையில் முழுக் குணம் என்று பெரிய டாக்டர் முழங்க, அரங்கம் கைதட்டியது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அதை எனக்குக் குடுத்துடுங்க டாக்டர். நடக்க முடியல."

அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "அடுத்த மாசம் இதைவிடப் பெரிய மாநாடு இருக்கும்மா."

அவள் அரங்கத்தைப் பார்த்து இன்னொரு முறை, உரக்கக் கேட்டாள். யாரும் திரும்பவில்லை. திரையில் இப்போது புழுவின் தலை வந்திருந்தது.

"கண் கிடையாது, காது கிடையாது," பெரிய டாக்டர் பெருமிதத்துடன் விளக்கினார். "ஒட்டிக்கிட்டு உறிஞ்ச மட்டும்தான் தெரியும்."

அவர் புழுவைத்தான் சொல்கிறார் என்பது அவளுக்கு உடனே விளங்கவில்லை.