தெறிச்சா ஃபெயில்

போலீஸ்காரர் ‘ஞாயிற்றுக்கிழமை கிளாசுக்கு வா’ என்று சொன்னால், அது லாக்கப்புக்கு மரியாதையான பெயர் என்றுதான் நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் மாற்று லுங்கி, பனியன், பல்பொடி, ஒரு போர்வை எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு போய் நின்றேன். அங்கே எனக்காகக் காத்திருந்தவர் விலங்கோடு வந்த ஏட்டு அல்ல. கோவில்பட்டியில் மட்டுமல்ல, தார் ஊற்றி ரோடு போட்ட எந்த ஊரிலும் இவரைவிட மெதுவாக வண்டி ஓட்டிய மனிதர் கிடையாது என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய எட்டு வாத்தியார்.

வாத்தியார் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். லைசென்ஸ் டெஸ்டில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டுமல்லவா, அந்த எட்டைத் தெற்குச் சீமைக்கே கொண்டுவந்தது தாம்தான் என்பது அவர் எண்ணம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருப்பார்கள்.

சாலை விதி வண்டிக்கு மட்டும்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நடந்து போகும்போதும் வலதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது கையை விறைப்பாக நீட்டுவார். மார்க்கெட்டில் அந்தக் கை பட்டுத் தக்காளிக்கூடை சரிந்திருக்கிறது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் மூக்குக்கண்ணாடி பறந்திருக்கிறது. ‘நான் சிக்னல் குடுத்துட்டுத்தானய்யா திரும்புனேன்’ என்பாரே ஒழிய மன்னிப்புக் கேட்டதில்லை. கோயிலில் சுண்டலுக்கு நிற்கும்போது, முன்னால் நிற்பவர் திடீரென்று நின்றுவிட்டால் முட்டாத தூரம் விட்டுத்தான் நிற்பார். ஏற்கெனவே நிற்கிறவர் எப்படித் திடீரென்று நிற்பார் என்று கேட்கக் கூடாது. அந்த இடைவெளியில் ஊரே புகுந்து சுண்டல் வாங்கிப் போய்விடும்.

அவரிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதில் மூன்றாவது கியர் என்பது கம்பெனிக்காரன் அழகுக்கு வைத்தது என்பது அவர் கட்சி. ஒரு நாள் இடைசெவல் பக்கம் பின்னால் வந்த செம்மறி மந்தை அவரை நெருங்கிவிட்டது. வாத்தியார் ஓரமாக ஒதுங்கி, ‘போகலாம்’ என்று கையை ஆட்டி வழிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். ஆட்டுக்காரர் கூச்சப்பட்டு நின்றுவிட்டார். ஆடுகளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. முந்திப் போய்விட்டன.

என் கதை இதற்கு நேர்மாறு. தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் சேல்ஸ்மேன். கம்பெனி பைக்கில் ஓட்டப்பிடாரம், எப்போதும்வென்றான் என்று கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் மரம் மட்டை இல்லாத கரிசல். ரோடு நூல் பிடித்தது மாதிரி கிடக்கும். அதில் மெதுவாகப் போவது பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை, முன்னால் ஒரு ஜீப் தேர் மாதிரி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் முழுக்கப் புழுதி. ஹாரன் அடித்தேன், டிரைவரை ஒரு முறை முறைத்தேன், முந்தினேன். முந்தின பிறகு கண்ணாடியில் பார்த்தால் ஜீப்பின் நெற்றியில் எழுத்து. எழுத்தெல்லாம் இடம்வலம் மாறித் தெரிந்தும் ‘போலீஸ்’ என்று ஒரே பார்வையில் படித்துவிட்டேன். பயம் வந்தால் படிப்பு தானாக வரும்.

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதியவர். அது சாலைப் பாதுகாப்பு வாரம். அபராதம் கட்டினால் நீங்கள் திருந்த மாட்டீர்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை எட்டு வாத்தியார் நடத்தும் வகுப்பில் உட்கார வேண்டும்; வாத்தியார் பாஸ் போட்டால் அன்று சாயங்காலமே லைசென்ஸ் கைக்கு வரும்; போடாவிட்டால் அது ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்விடும் என்று சொல்லி என் லைசென்சைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

அந்தப் பொத்தான் என் நெஞ்சில் மாட்டியது மாதிரி இருந்தது. எங்கள் முதலாளி திங்கள்கிழமை காலையில் சாம்பிராணி போட்டு முடித்ததும் எங்களை வரிசையாக நிறுத்தி லைசென்சை வாங்கிப் பார்ப்பார். போலீசில் மாட்டின ஆள் அவரிடம் மறுநாள் வேலையில் இருந்ததில்லை. வீட்டிலோ மனைவிக்கு வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். சனிக்கிழமை முழுக்க நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. அவள் கேட்டதற்கு, கம்பெனி விஷயமாக வெளியூர் போனாலும் போவேன் என்று சொல்லி வைத்தேன். போர்வை எடுத்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே.

லைசென்ஸ் இல்லாதவன் வண்டியை ஓட்டி வரக்கூடாது, தள்ளித்தான் வர வேண்டும் என்பது வாத்தியார் உத்தரவு. பால்காரர் ஒருவர், பாங்க் கேஷியர் ஒருவர், கூரியர்க்காரர் ஒருவர் என்று ஊரின் வேகமான ஆட்கள் எல்லோரும் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர்வலமாக வந்தோம். வாத்தியார் என் பையைப் பார்த்தார்.

“என்னடே, மறுவீட்டுக்கா வந்திருக்க?”

காலை வகுப்பு முழுக்க நடை. ஸ்கூல் வாசலில் எங்களை வரிசையாக நடக்கவிட்டு, திரும்பும்போது கை நீட்டச் சொன்னார். வாயாலேயே ஹாரன் அடிக்கச் சொன்னார். கேஷியரிடம் கணக்கு வைத்திருந்தவர்கள் இரண்டு பேர் எதிரே டீக்கடையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு ‘பாம்’முக்கும் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் எட்டு. புது ரோடு வளைவை நிமிர்த்திக்கொண்டு போனபோது அநாதையாகக் கிடந்த பழைய தார் ரோட்டுத் துண்டுதான் வாத்தியாரின் மைதானம். அங்கே போய்ப் பார்த்தால் ரோடு முழுக்க உளுந்துச்செடி பரப்பியிருக்கிறது. ஓரத்தில் கெங்கம்மக்கா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துக் காட்டுக்காரி. எங்கள் பக்கத்தில் அறுத்த செடியை ரோட்டில் போட்டு, போகிற வருகிற வண்டிகளை அதன்மேல் ஏறவிட்டு மணியை உதிர்ப்பது வழக்கம். காலையில் அவள் மெயின் ரோட்டில்தான் போட்டிருக்கிறாள். பாதுகாப்பு வாரம் என்று போலீஸ் அள்ளச் சொல்லிவிட்டது.

“இது எட்டு போடுத இடம். அள்ளுங்க” என்றார் வாத்தியார்.

“உமக்கு எவன் பட்டா குடுத்தான்? அங்கன பாரும்” என்று அக்கா வடகிழக்கைக் காட்டினாள். மேகம் கறுத்துக் கிடந்தது. “நனைஞ்சா பூராவும் முளைச்சிரும். வருசத்துக்கு ஒரு வெள்ளாமை எங்களுக்கு.”

வாத்தியாருக்கு வகுப்பை நிறுத்த மனமில்லை. அக்கா செடியை அள்ளுவதாக இல்லை. சாயங்காலம் ஜீப் வந்துவிடும். நான் மேகத்தைப் பார்த்தேன், வாட்சைப் பார்த்தேன், காரணமே இல்லாமல் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

கடைசியில் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டினார். செடிமேல் காலை இழுத்து இழுத்து நடந்து பெரிய எட்டு ஒன்று போட்டார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. காலு ஊனுனா ஃபெயில். உளுந்து தெறிச்சாலும் ஃபெயில். அக்கா சொல்லுததுதான் மார்க்கு.”

வேகமாகப் போனால் டயர் மணியை வாரி ஓரத்துக்கு வீசிவிடும். அங்கே கரிசல் வெடிப்பு வாயைத் திறந்து கிடக்கும். கறுப்பு மண்ணில் கறுப்பு உளுந்து விழுந்தால் விழுந்ததுதான். பால்காரர் கன்றுக்குட்டியைப் பிடித்துப் போவது போல் போய் பாஸ். கேஷியர் வாயால் ஹாரன் அடித்துக்கொண்டே பாஸ். எட்டின் முதல் வட்டத்திலேயே என் கை ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும். சடசடவென்று மணி பறக்கும்.

“ஏ வாத்தியாரே, இவன் வண்டி ஓட்டுதானா, விதைக்கானா?” என்றாள் அக்கா.

திரும்ப ஓட்டினேன். திரும்பவும் விதைத்தேன். மற்றவர்கள் எல்லாம் முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். என் எட்டு மட்டும் முடியவில்லை. இத்தனைக்கும் செடி நன்றாக நொறுங்கிவிட்டது. அந்த வகையில் நான் உழைத்தவன்தான். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. அவர் முன்சீட்டில் இருந்தபடியே ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு லைசென்சைக் கொடுத்தார். கடைசியில் என் முறை வந்தது.

“இவருக்கு இன்னும் ஒரு ரவுண்டு கிடக்கு ஐயா” என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்துவிட்டு, சரி என்று கையிலிருந்த காகிதத்தில் குனிந்துகொண்டார். வாத்தியார் எட்டுக்கு நடுவில் வந்து நின்றார். நான் சுற்றச் சுற்ற அவரும் என்னோடு சுற்றினார்.

“மெதுவாடே. மெதுவா. எங்கயும் ஓடிப்போயிராது.”

முதல் வட்டம் சுத்தம். இரண்டாவதும் பாதி முடிந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில்தான் கெட்டது. முடிந்துவிட்டதே என்கிற சந்தோஷத்தில் கை தன்னால் முறுக்கியது. பின் டயர் ஒரு வீச்சு வீசியது. வாத்தியார் வெள்ளைச் சட்டை முழுக்க உளுந்து.

இன்ஸ்பெக்டர் தலை தூக்கினார்.

“என்ன வாத்தியாரே, தெறிச்சுதா?”

நான் ஹேண்டில்பாரைப் பார்த்தேன். கெங்கம்மக்கா வாத்தியாரைப் பார்த்தாள். வெறும் தெருவில் நடக்கும்போதும் விதி பார்த்தவர், மனைவிக்காகக்கூட மஞ்சள் விளக்கில் போகாதவர், சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மணியைத் தட்டாமல் நின்றார்.

“தெறிக்கல ஐயா. பாஸ்.”

“ஆமா, தெறிக்கல” என்றாள் அக்கா.

லைசென்ஸ் என் கைக்கு வந்தது. ஜீப் போனது. மழை வரவில்லை. இருட்டிக்கொண்டு வரும்வரை வாத்தியாரும் நானும் ரோட்டோரத்தில் குத்தவைத்து, நான் தெறிக்கவிட்ட உளுந்தை வெடிப்பு வெடிப்பாகப் பொறுக்கி அக்காவின் சொளகில் போட்டோம்.