இருபத்துநான்காம் போர்ட்

ஒரகடத்துத் தொழிற்சாலைக் காவலாளிகள் அத்தனை பேரின் சந்தேகத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும், ‘யார்நீ’ அண்ணனின் சந்தேகத்தில் பாதிகூடத் தேறாது.

கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் பார்த்தவர். முப்பது வயதுகூட இருக்காது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான். தினமும் டீ கொண்டுவரும் செல்வியக்காவையே வாசலில் நிறுத்துவார்.

“கார்டு எங்கக்கா?”

“தெனம் எங்கையால டீ குடிக்கிற, என்னைத் தெர்லயா உனக்கு?”

“மூஞ்சி தெரியுது. மூஞ்சிய வச்சிக்கினு இன்னா பண்றது?”

அக்கா திட்டிக்கொண்டே போய்க் கார்டை எடுத்து வருவதற்குள் டீ ஆறிவிடும். நான் பார்த்தவரை அவர் சூடாக டீ குடித்ததே இல்லை.

அவர் குணத்துக்கென்றே ஒரு வேலை வந்தது. சுவிட்ச் என்பது கம்ப்யூட்டர் கேபிள்களைச் சொருகும் பெட்டி. சொருகும் துளை ஒவ்வொன்றும் ஒரு போர்ட். இனி யார் கேபிள் சொருகினாலும் சுவிட்ச் அவரிடம் பெயரும் பாஸ்வேர்டும் கேட்க வேண்டும். எல்லார் பெயரும் பாஸ்வேர்டும் வைத்திருக்கும் சர்வரிடம் விசாரித்து, அது சரி என்றால்தான் போர்ட்டைத் திறக்க வேண்டும். அண்ணன் முகத்தில் கல்யாணக் களை. ஒருவர் ஐடியில் இன்னொருவர் நுழைவது அவருக்குக் கொலைக் குற்றம். “புருசன் ஐடிய பொண்டாட்டி தொட்டாலும் தப்புதான்” என்பார்.

நான் மண்ணூரிலிருந்து வந்த காண்ட்ராக்ட் பெண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தக் கர்வம் விரல் நுனிவரை உண்டு. மறுநாள் என்னை நிரந்தரமாக்குவது பற்றிப் பேச இருந்தார்கள். “ஒவ்வொரு போர்ட்டா பார்த்துப் பண்ணு” என்று அண்ணன் சொல்லியும், ஒன்று முதல் இருபத்துநான்கு வரை ஒரே கட்டளையாக அடித்துப் பூட்டிவிட்டேன்.

அந்த சர்வர் இருந்ததே இருபத்துநான்கில்தான். விசாரித்துச் சொல்ல வேண்டியவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். உற்பத்தி லைன் முழுக்க லேபிள் பிரின்டர்கள் நின்றுபோயின. சரக்குக்குக் காத்திருந்த லாரி வாசலில் ஹாரன் அடித்தது. அண்ணன் ஓடிவந்து, தன் லேப்டாப்பை நேராக சுவிட்சின் தனிப் பராமரிப்புத் துளையில் இணைத்து அந்த ஒரு போர்ட்டை விடுவித்தார். பின்னாலேயே மேனேஜர்.

“யாருய்யா பண்ணது? பதிவுல இந்தப் பொண்ணு ஐடிதானே இருக்கு?”

“ஐடி அதோடது சார். அடிச்சது நான்.”

“அதுல நீ எப்படிய்யா நுழைஞ்ச?”

“அது டைப் பண்ணும்போது பாஸ்வேர்டைப் பார்த்துக்கினேன் சார்.”

 கட்டளை அடித்த விரல்களை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே அவரை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். படப்பை ஷேர் ஆட்டோவில் ஏறப்போனவரிடம் ஓடினேன்.

“ஏன்ணா இப்படிச் சொன்னீங்க?”

“உள்ள போ. மொதல்ல பாஸ்வேர்டை மாத்து.”

தனக்குத் தெரியாத பாஸ்வேர்டுக்கும் அவருக்குக் கவலை!

நான் நிரந்தரமானேன். அவருடைய பழைய எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். எந்த போர்ட்டிலாவது புது ஆள் கேபிள் சொருகினால், அந்த ஆள் கொடுக்கும் பெயர் என் திரையில் வரும். அனுமதிப்பதற்கு முன், அது அண்ணன் பெயராக இருக்கக் கூடாதா என்று ஒருகணம் பார்த்துக்கொள்கிறேன்.