குதிரைப் பூங்காவுக்கு வந்த அதிகாரி

அதிகாரி வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பூங்காவின் ஒரே குதிரையான முல்லை, வெயிலுக்கு அசந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எதை முதலில் கவனிப்பது என்று கிருபாசங்கருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்னூர்ப் பக்கம் அரசு நடத்தும் குதிரையேற்றப் பூங்காவுக்கு அவன்தான் மேலாளர். “புதுசா வந்திருக்கற அதிகாரி இந்த வாரத்துல சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பாங்களாமாங்க. அவங்க சொல்றதுதான் பூங்காவோட எதிர்காலம்” என்று ஆபீசிலிருந்து கயல்விழி போனில் எச்சரித்திருந்தாள். அந்த இடத்தை லாரி நிறுத்தமாக்கிவிடலாம் என்று ஒரு பேச்சும் அடிபட்டது.

இந்தப் புழுக்கத்தில் கோட்டும் சூட்டும் மினுக்கும் ஷூவுமாக வந்து மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பார்ப்பவர் வேறு யாராக இருக்க முடியும்? வயது முப்பதுக்குள்தான் இருக்கும். இப்போதெல்லாம் மீசை முளைக்கும்போதே பதவியும் முளைத்துவிடுகிறது.

“வணக்கமுங்க சார்!”

தூக்கிவாரிப்போட்டாற்போல அவர் திரும்பினார். “நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரிய வேண்டாமுங்க.”

“உசிரு போனாலும் சொல்ல மாட்டனுங்க.”

“இங்க ஆளுக யாரும் வர்றதில்லீங்களா?”

அவர் ஆசையாகத்தான் கேட்டார். கிருபாசங்கரின் காதில் அது குற்றச்சாட்டாக விழுந்தது.

“அட, சாயங்காலமானா கூட்டம் தள்ளுமுங்க!”

அதிகாரியின் முகம் வாடிப்போயிற்று. நம்பவில்லை போல என்று பதறியவன், லாயத்துக்குப் பின்னால் ஓடி, கல்யாணங்களுக்குக் குதிரை விடும் அமீர் ஹம்சாவுக்குப் போன் போட்டான்.

“பாய், ஒரு குதிரையும் நாலு ஆளுகளும் உடனே வேணுமுங்க. எம்பட மானமே இதுலதான் இருக்குது.”

“எதுத்தாப்புல மண்டபத்துலதான் நிக்கறேன் தம்பி. இங்க என்னமோ லேட்டாகுது. இதா, வாரேன்.”

திரும்பி வந்தால், அதிகாரி வேலியோரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். “பின்னாடி ஒரு வழி இல்லீங்களா?”

தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியைக் கேட்கிறார்! “இப்ப இல்லீங்க. ஆனா பிளான்ல இருக்குதுங்க” என்று, தானே ராவும் பகலுமாக யோசித்து வரைந்த பெரிய தாளைக் கொண்டுவந்து புல்லின்மேல் விரித்தான்.

விரித்ததும் அவனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அந்தத் தாளில் ஒரு குளம் இருந்தது. பனி இறங்கும் விடிகாலையில் பத்துக் குதிரைகள் அதில் வாய் வைத்துக் குடித்தன. வேம்புகளுக்கு நடுவே செம்மண் பாதை வளைந்து போனது. சோமனூர்த் தறிக்காரர்களின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து காசில்லாமல் ஏறினார்கள். அவன் சொல்லச் சொல்ல, தாளின்மேல் வேப்பம்பூ உதிர்ந்தது. தூரத்தில் நீலமலை மெல்லக் கரைந்து வானத்தோடு கலந்தது.

அதிகாரி கோட்டோடு புல்லில் உட்கார்ந்துவிட்டார். “இங்கியே இருந்தரலாமாட்ட இருக்குதுங்க. தங்கறதுக்கு ஒரு ரூம் போடுங்களேன்.”

கிருபாசங்கர் குளத்தங்கரையில் உடனே ஒரு ரூமை வரைந்தான்.

“எனக்கு ஒண்ணுதானுங்க வருத்தம்” என்றார் அவர், மலையைப் பார்த்தபடி. “எதிர்காலத்த எல்லாருங்கூடி முடிவு பண்ணிப்போட்டு, கடைசில தேதிய மட்டும் சொல்றாங்க. கொஞ்சம் அவகாசம் குடுக்கோணுமில்லீங்களா?”

“அதையேதானுங்க சார் நானும் சொல்றேன்!” கிருபாசங்கர் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். இப்படி மனசுள்ள அதிகாரியை அவன் கனவில்கூடக் கண்டதில்லை.

அப்போது வாசலில் ஒரே சலங்கைச் சத்தம். நெற்றிப்பட்டம் கட்டிய வெள்ளைக் குதிரையோடு ஹம்சா வந்தார். பின்னால் ஒரு செண்டை மேளக் குழுவே வந்தது.

“ஆளுக கேட்டீங்களே, இவங்களும் சும்மாத்தான் நின்னுட்டிருந்தாங்க.”

அதிகாரி வெளிறிப்போனார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரே தாவில் குதிரைமேல் ஏறிவிட்டார்.

“பாருங்க பாய், சாரே ஓட்டிப் பாக்கறாரு!” கிருபாசங்கர் குதூகலித்தான். “அடிங்க மேளத்த!”

“வேண்டாந் தம்பி, மேளங் கேட்டா அது...”

ஹம்சா முடிப்பதற்குள் மேளம் இடியாக இறங்கிவிட்டது. குதிரை கழுத்தை வளைத்தது, காலை மாற்றி மாற்றி ஆடியது, பழகிய பாதையில் நேராக எதிர் மண்டபத்தை நோக்கி நடந்தது.

“திருப்புங்க! திருப்புங்க!” என்று அதிகாரி அலறினார். பிளானைத் தூக்கிக்கொண்டு கிருபாசங்கர் பின்னால் ஓடினான்.

மண்டபம் விளக்குகளில் மிதந்துகொண்டிருந்தது. யாரோ பன்னீர் தெளித்தார்கள். ஆரத்தித் தட்டோடு நாலு பெண்கள் ஓடி வந்தார்கள். இதென்ன மரியாதை என்று கிருபாசங்கருக்கே மயக்கமாக இருந்தது. இருந்தாலும் கடமையை விடாமல் கத்தினான்: “வழி விடுங்க, அதிகாரி வந்திருக்காங்க!”

கூட்டம் விலகியது. பட்டுச்சேலை சரசரக்க மணப்பெண்ணே இறங்கி வந்தாள். அவன் கையிலிருந்த தாளை வாங்கிக் குளம், பாதை, ரூம் என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறகு, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

“பிளான் நல்லாருக்குதுங்க. ஆனா அதிகாரி நாந்தானுங்க. அவரு, மத்தியானத்துலிருந்து காணாமப்போன எம்பட மாப்பிள்ளை.”