டிரிக்கர் பாயும் கறுப்புத் துணி சுற்றிய படிகமும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஒரு விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடும் ஒரே மனிதர் எங்கள் டிரிக்கர் பாய்தான். "பாய், நேத்து பஸ்ல..." என்று ஆரம்பித்தால் போதும். "வெக்கவா, வுடவா?" என்பார். வைக்க வேண்டிய செய்தி என்றால் காது கொடுப்பார். இல்லையென்றால் எழுந்து போய்விடுவார்.

தொழில் அப்படி. வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடம், மிக மிக அபூர்வமாக நடக்கும் ஒரு துகள் சிதைவைத் தேடிக்கொண்டிருந்தது. சிதறி வரும் துகள்கள் படிகக் கட்டிகளில் மோதும்போது படிகம் மினுங்கும். அந்த ஒளியை அளந்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று கண்ணிமைப்பதற்குள் முடிவெடுப்பது டிரிக்கர் என்கிற மின்னணு அட்டை. வேண்டாம் என்று விட்டது திரும்ப வராது. அந்த அட்டைகளைச் செய்து அனுப்பும் வேலை எப்படியோ எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தது. அட்டையை வடிவமைத்தவர் பாய். அதற்குள் ஓடும் நிரலை எழுதியவள் நான்.

பம்ப்செட், வெல்டிங் பட்டறை என்று ஊரில் கரண்டில் இரைச்சல் அதிகம்; அட்டையைச் சரியாகச் சோதிக்க முடியாது. "வெள்ளிமலையில கம்மியா இருக்கும்மா" என்று ஒருநாள், சோதனைக்காக அவர்கள் அனுப்பியிருந்த படிகத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு மலை பஸ் ஏறிவிட்டார். வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி, அதன்மேல் டர்க்கி டவல், நெஞ்சோடு அணைத்த கை.

முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். "கொயந்தைக்கு இன்னாங்க, அசைவே காணோம்?"

"வெளிச்சம் ஒத்துக்காதுங்க."

"பொண்ணா, பையனா?"

பாய்க்குப் பொய் வராது. "உப்புங்க" என்றார். படிகம் ஒருவகை உப்புதான். அந்த அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "இவருக்கு எத்தினி நாளா இப்பிடி?"

வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் சோதித்தோம். வானத்திலிருந்து எந்நேரமும் விழுந்துகொண்டிருக்கும் துகள்கள் படிகத்தைத் தொட்டன, திரையில் கோடுகள் எழுந்தன. இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து வந்தபோது அட்டை இரண்டாவதை விட்டுவிட்டது. மறுபடியும் விட்டது. ஊர் இரைச்சலில் இது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. ஐந்து மாதமாக வெளிநாட்டில் இதே நிரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தப்பு எந்த வரியில் என்று எனக்கு உடனே தெரிந்தது. பாய்க்கும் தெரிந்தது. மலை இறங்கியதும் பாய் நேரே துறைத்தலைவரிடம் போய், அட்டை சிக்னலை விடுகிறது என்றார்.

"லட்சத்துல ஒண்ணு போவும், யாருக்குத் தெரியப் போவுது, வுடுங்க பாய்" என்றார் துறைத்தலைவர்.

"அந்த ஒண்ணத்தாங்க அவங்க தேடிக்கினு இருக்காங்க" என்றார் பாய். அன்றே வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் ஒரு வரி: பிழை என்னுடையது.

"ஏன் பாய் ஒங்க பேர போட்டீங்க? அது நான் எழுதினது."

"ஒன்ன வூட்ல இப்பதான் வேலைக்கு அனுப்பறாங்க. பேரு கெட்டா திரும்ப அனுப்ப மாட்டாங்க. எனக்கு எங்க அத்தா கடை இருக்குதும்மா."

நான் மறுத்திருக்க வேண்டும். தலையாட்டினேன்.

கல்லூரியில் அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் ஐந்து மாதத் தரவைத் தள்ளிவைத்து, திருத்திய நிரலோடு மறுபடி தொடங்கினார்கள். திருத்தியவள் நான். பாராட்டுக் கடிதமும் எனக்கே வந்தது. பாய் கடைத்தெருவில் ஃபேனும் சுவிட்சும் விற்றார். மூன்று வருஷம், பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம்தான் தைரியம் வந்து போனேன். கடையில் அவர் தம்பி இருந்தார். மாரடைப்பாம். நாற்பதாம் நாள் ஓதி முடித்துவிட்டார்களாம்.

"யாவாரமா பண்ணாரு?" என்று கண்ணைத் துடைத்தார் தம்பி. "பல்பு வாங்க வர்றவங்ககிட்ட, இது எத்தினி நாள்ல பூடும்னு மொதல்லயே சொல்லிடுவாருங்க."

"ஆய்வகத்தப் பத்திப் பேசுவாருங்களா?"

"ஒங்களப் பத்தித்தாங்க. அந்தம்மா எழுதினது இப்ப ஒரு சிக்னலக்கூட வுடறதில்லன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு."

அந்தப் பிழை என்னுடையது என்று துறைத்தலைவருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன். இப்போது உங்களுக்கும். பாய் இருந்திருந்தால் வேண்டாம்மா என்று தடுத்திருப்பார். தடுக்கவாவது அவர் இருந்திருக்கலாம்.